நீதிபதிக்குப் பக்கத்தில்

டென்மார்க்கில், மேற்கு யூட்லாந்தின் சிற்றூர் ஒன்றில், பழைய நீதிமன்றத்தின் முன் நிற்கிறேன். செங்கல் முகப்பு படிப்படியாகக் குறுகி மேலே போகிறது. கீழ்த்தளம் ஒருகாலத்தில் சிறையாம். அதன் கம்பி ஜன்னல்களை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

அழைத்து வந்தவள் என் பள்ளித் தோழி ஜெயந்தி. இருவருமே சட்டம் படிக்க ஆசைப்பட்டோம். நான் யாழ்ப்பாணத்தில் வழக்கறிஞரானேன். அவள் அகதியாக இங்கே வந்து, தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். பொதுமக்களிலிருந்து தெரிவாகி நீதிபதியோடு சேர்ந்து தீர்ப்புச் சொல்பவர்களை இங்கே 'டொம்ஸ்மன்' என்கிறார்கள். அவர்களில் அவளும் ஒருத்தி.

"நீதிபதிக்குப் பக்கத்திலயோ இருப்பாய்?"

"ஓம். அவருக்கு ஒரு வோட், எனக்கும் ஒரு வோட்."

"சட்டம் படிக்காமலோ?"

"படிச்சவர்தான் பக்கத்தில இருக்கிறாரே. நீ போய்ப் பின் வாங்கில இரு. நான் மற்றக் கதவால வாறன்."

வழக்காடிய இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் நீதிபதியின் மேசைக்கு அப்பால் போனதில்லை. வயிறு எரிகிறது.

உள்ளே போய்ப் பின்வரிசைப் பெஞ்சில் உட்காருகிறேன். கதவு திறக்கிறது. நீதிபதியின் பின்னால், வேலைக்குப் போடும் அதே கறுப்புச் சப்பாத்தோடு ஜெயந்தி வருகிறாள். எல்லோரும் எழுகிறார்கள். நான் வெளிநாட்டுக்காரிதானே, உட்கார்ந்தே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் பார்க்கிறேன்.

பிறகு எழுந்து நிற்கிறேன். அவள் உட்காரும்வரை நிற்கிறேன்.