ஸ்காலர்ஷிப்புக்கு விசாரிக்க வந்தவர்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கடிதம் என்றால் பயம். நல்ல சேதியை யாராவது நேரில் வந்து சொல்லிவிடுவார்கள், கெட்டதுதான் தபாலில் வரும் என்று எப்படியோ மனதில் பதிந்துபோயிருந்தது. பிளஸ் டூ முடித்த அந்த ஜூன் மாதம் தபால்காரர் நீளமான பழுப்புக் கவர் ஒன்றை நீட்டியபோதே கெட்ட சேதிதான் என்று முடிவுகட்டிவிட்டேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் கவரைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். எங்கள் வீட்டில் தனியாக ஒரு கடிதம் படிக்க வேறு இடம் கிடையாது.

கடிதம் நான் ஸ்காலர்ஷிப்புக்கு மனுப் போட்டிருந்த மாம்பலத்து அறக்கட்டளையிலிருந்து வந்திருந்தது. நாங்கள் மனுவில் எழுதிய விவரங்கள் அவர்களுடைய நேரடி விசாரணையில் தெரியவந்தவற்றுக்கு முற்றிலும் மாறாக உள்ளனவாம். சொந்த வீடு, கூடுவாஞ்சேரியில் ஒரு மனை, பெண்ணுக்கென்று முப்பது சவரன் நகை, இவையெல்லாம் மறைக்கப்பட்டிருக்கின்றனவாம். திங்கட்கிழமை தகப்பனாருடன் நேரில் வந்து விளக்கம் தராவிட்டால் மனு நிராகரிக்கப்படும், சான்று கொடுத்த தலைமையாசிரியைக்கும் தெரிவிக்கப்படும் என்று முடித்திருந்தார்கள்.

முப்பது சவரன். என் காதில் கிடந்தது கவரிங் தோடு. அதுவும் மழைக்காலத்தில் காதைப் புண்ணாக்கும்.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா பம்மலில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். எண்பதுகளின் கடைசி அது. நான் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். தூரத்து ஊரில் ஒரு பொறியியல் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. ஃபீஸை எப்படியாவது புரட்டிவிடலாம், நாலு வருஷம் ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு எங்கே போவது? அப்போதுதான் தலைமையாசிரியை இந்த அறக்கட்டளையைப் பற்றிச் சொன்னார். ஃபீஸ், ஹாஸ்டல், புத்தகம் எல்லாம் அவர்கள் செலவு. வருடத்துக்கு ஏழெட்டுப் பேருக்குத்தான் தருவார்கள். வருமானச் சான்றிதழுக்காக அப்பா தாலுகா ஆபீசுக்கு நாலைந்து நடை நடந்தார். மாதம் எழுநூறு ரூபாய் என்று எழுதி, ஒப்பிட்டுப் பார்த்து, தலைமையாசிரியையின் கையெழுத்தோடு அனுப்பினோம். இது கிடைக்காவிட்டால் கல்லூரி இல்லை. சானடோரியம் பக்கம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்களாம் என்று அம்மா ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியாகிவிட்டது.

இரண்டு நாள் அந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. என்ன ஒரு அசடு பாருங்கள்! திங்கட்கிழமைக்கு நாலே நாள் இருக்க, அதில் இரண்டைப் பயந்தே தீர்த்தேன். சோறு இறங்கவில்லை. எவனோ நம் மேல் பொறாமைப்பட்டு எழுதிப்போட்டிருக்கிறான் என்று தெருவில் ஒவ்வொரு முகமாகச் சந்தேகப்பட்டேன். தலைமையாசிரியை என்னைப் பார்த்து, உன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டேனே என்று கேட்பதுபோல் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா பால் ஊற்ற வந்தாள். அவர்கள் தாம்பரத்தின் பழைய குடும்பம். நிலமெல்லாம் பிளாட் ஆன பிறகும் நாலு எருமை மட்டும் வைத்திருந்தார்கள். அக்கா பாலை ஊற்றிவிட்டு, போகாமல் நின்று, அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டாள்.

“இன்னா, எதுனா சேதி வந்துச்சா?”

என்ன சேதி என்றாள் அம்மா. அக்கா சிரித்துக்கொண்டே, ஒன்றும் தெரியாத மாதிரி கேட்கிறாயே என்று அம்மாவின் தோளில் இடித்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். பத்து நாள் முன்னால், உச்சிவெயிலில், வெள்ளை வேட்டியும் குடையுமாக ஒரு பெரியவர் வந்தாராம். எங்கள் வீட்டைக் காட்டி விசாரித்தாராம்.

“பொண்ணு எப்டி, அப்பா இன்னா சம்பாதிக்கிறாரு, வூடு சொந்தமா, நெலம் நீச்சு எதுனா கீதான்னு கேட்டாரு. நான் வுட்டுக் குடுப்பனா? மோர் குடுத்து குந்த வச்சு, முப்பது சவரன் போடுவாங்கன்னு சொல்லி அனுப்பிச்சேன்.”

முப்பது சவரன் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவளைக் குறை சொல்லவும் முடியாது. வயசுப்பெண் இருக்கிற வீட்டைப் பற்றி, சலவை வேட்டி கட்டிய ஒருவர் வந்து இந்தக் கேள்விகளைக் கேட்டால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கிறார்கள். அப்படி வந்தால் என்ன சொல்லி அனுப்ப வேண்டும் என்று தெருவுக்கே தெரியும். மூலைவீட்டு டெய்லரின் மகள் இரண்டு பேப்பர் பாக்கி வைத்திருந்தபோது, அவள் பி.ஏ. பாஸ் என்று என் அம்மாவே சூடம் அணைக்காத குறையாகச் சொல்லியிருக்கிறாள். அறக்கட்டளைக்காரர்களோ, நாங்கள் இன்னார் என்று சொன்னால் அக்கம்பக்கத்தார் இரக்கப்பட்டுப் பஞ்சப்பாட்டு பாடிவிடுவார்கள் என்று, யார் என்பதையே சொல்லாமல் விசாரிப்பார்களாம். உண்மை தெரிய வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள்.

நான் ஓடிப்போய் அரிசி டின்னுக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்து வந்து, படித்துக்காட்டி, அழுதேன். அக்கா அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா வந்ததும் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அக்கா, நானே வந்து அந்த ஆளிடம் சொல்கிறேன் என்றாள். அப்பா வேண்டாம் என்றார். நேரில் போக வேண்டாம், பதில் எழுதிப் போட்டுவிடலாம் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நேரில் வரச்சொல்லி எழுதியிருக்கும்போது என்ன பதில், என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறது என்று, அப்பாவை எதிர்த்து வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. சரி, திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு வருகிறேன் என்றார்.

திங்கட்கிழமை அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் போனோம். மத்தியானம் பட்டறைக்குப் போக வேண்டும் என்று அப்பா டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டார். மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் ஆபீஸ். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அக்கா என் கையைக் கிள்ளினாள். அதே பெரியவர். அவரும் அவளை அடையாளம் கண்டுகொண்டு, மோர் கொடுத்த அம்மா அல்லவா என்றார்.

அக்கா நின்றுகொண்டே சொன்னாள். அன்றைக்குச் சொன்னது அத்தனையும் தன் பொய், கல்யாண விசாரணை என்று நினைத்துவிட்டேன் என்றாள். பெரியவர் நம்பினமாதிரி தெரியவில்லை. அப்போது அவள் ஒவ்வொன்றாக எடுத்துப்போட ஆரம்பித்தாள். என் தோடு கவரிங். என் தாவணி அவள் அண்ணன் மகள் கட்டிக் கழித்தது. தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பலகாரம் கிடையாது, தெருவுக்கு வாசனை வர வேண்டுமே என்று அம்மா வெறும் எண்ணெயைக் காய வைத்து இறக்கினாள்.

“சனிக்கெழம ஒருபொழுதுன்னு சொல்லும் சார் அவங்க அம்மா. அப்பால வெள்ளிக்கெழமயும் ஒருபொழுதுன்னுச்சு. இப்ப தெனமும் ஏதாவது ஒரு சாமி பேரச் சொல்லுது.”

எனக்கு அவமானத்தில் காது பற்றிக்கொண்டு எரிந்தது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு மறைத்ததெல்லாம் எதிர்வீட்டுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லை. எண்ணெய் விஷயம் எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அதையெல்லாம்விடப் பெரிய பயம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அப்பா ரோஷக்காரர். போதும் நிறுத்தும்மா, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று எழுந்துவிடுவாரோ என்று, அவர் மடியிலிருந்த டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் ஃபைலை மூடிவிட்டார். அன்றைக்கு இந்த அம்மா ஒன்று சொன்னார், இன்றைக்கு வேறொன்று சொல்கிறார், நான் எதை நம்புவது என்று அலுத்துக்கொண்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, அவர்களை விடுங்கள், மனுவில் நீங்கள் எழுதினது எல்லாம் உண்மைதானா என்று கேட்டார்.

“இல்ல சார்” என்றார் அப்பா.

முடிந்தது என்று நினைத்தேன். நாலு வருஷமும் கல்லூரியும் ஒரு சொல்லில் போயிற்று.

“எழுநூறுன்னு எழுதினது பொய். பட்டறைய பிப்ரவரியிலயே மூடிட்டாங்க. சான்றிதழுக்குப் பழைய சம்பளச் சீட்டைத்தான் காட்டினேன். இப்ப வருமானம்னு ஒண்ணும் இல்ல.”

பெரியவர் மூடிய ஃபைலைத் திரும்பத் திறந்தார். பிறகு குடும்பம் எப்படி ஓடுகிறது என்று கேட்டார். கிடைத்த நாளில் லாரியில் லோடு இறக்குகிறேன், கிடைக்காத நாளில் எங்காவது உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றார் அப்பா. வீட்டில் தெரியுமா என்று கேட்டார் பெரியவர்.

“தெரியாது சார். இவளுக்கும் இப்பதான் தெரியும்.”

அத்தனை நேரம் பேசிய அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குத் தெரியாத ஒன்று எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது. எனக்கோ அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. இப்போதெல்லாம் உங்க அப்பா காக்கிச் சட்டையில் கிரீஸே ஒட்டுவதில்லை, துவைக்க சுலபமாயிருக்கு என்று சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன். இரண்டு நாள் முன்னால் இந்த மனிதரைப் பார்த்துத்தான், என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கிறது என்று கத்தினேன்.

பெரியவர் எழுநூறை அடித்துவிட்டு ஏதோ எழுதினார். கல்லூரியில் சேர்ந்த ரசீதைக் கொண்டுவா, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று என்னிடம் சொன்னார். சொன்னபடி நாலு வருஷமும் கட்டினார்கள். அன்றைக்கு எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்திருக்க வேண்டும். இல்லை. பதினைந்து நிமிஷத்துக்கு முன்னால்வரை ஸ்காலர்ஷிப் போய்விடுமோ என்று பயந்தவள், இப்போது அப்பாவை நிமிர்ந்து பார்க்கப் பயந்தேன்.

ரயிலில் கூட்டமில்லை. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மீனம்பாக்கம் தாண்டும்போது அப்பா, அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். தன் வாயிலிருந்து வராது என்றாள் அக்கா. நான் தலையாட்டினேன்.

பல்லாவரம் வந்ததும் அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். பட்டறைக்குப் போகிறவர்கள் அங்கேதான் இறங்க வேண்டும். மணி பன்னிரண்டரைகூட ஆகவில்லை. வழக்கமாக அவர் வீட்டுக்கு வருவது ஆறரைக்கு. வீட்டுக்கு வந்துவிடுங்களேன் அப்பா என்று சொல்ல வாயெடுத்தேன், என்ன காரணம் சொல்லி வருவார் என்று தெரியாமல் விட்டுவிட்டேன். அவர் இறங்கிக்கொண்டார். எல்லாரும் படியேறி வெளியே போனார்கள், அவர் மட்டும் போகவில்லை. பிளாட்பாரத்தில் நிழல் இருந்த பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தார்.