அப்சார்பர் மாற்றிய சனிக்கிழமை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சீனப் பெருநாள் விடுமுறை வாரத்தில், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

என் கணவர் லோரி ஓட்டுநர். சரக்கு இறக்கும்போது தவறி விழுந்து, முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைப்பார், அவ்வளவுதான். நடை திரும்ப வேண்டுமானால் ஈப்போ மருத்துவமனைக்குப் போய்ப் பயிற்சி எடுத்தே ஆகவேண்டும். ஆனால் எங்கள் காரோ பழையது. குலுக்கலைத் தாங்கும் முன்பக்க அப்சார்பர் இரண்டும் செத்துப்போயிருந்தன. தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டிய தாமான் குடியிருப்பு எங்களுடையது. பெரிய சாலையைத் தொடும்வரை குழிக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு குழிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கதவுப் பிடியைப் பற்றுவார். ஒருநாள் திரும்பி வந்ததும், "இனிமே நான் வரல. நடக்காட்டியும் பரவால்ல" என்று சொல்லிச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி இருந்தது. விழுவதற்கு முன்பு அவரே தேடி வாங்கி வைத்த புது அப்சார்பர்கள். பழையதைவிடத் தரமானவை, ஸ்பிரிங்கோடு சேர்த்தே வந்தவை. காருக்கு எது செய்தாலும் தன் கையால்தான் செய்வார். பட்டறைகளுக்குப் போன் போட்டால் எல்லாம் விடுமுறை. திங்கட்கிழமை ஈப்போ போயாகவேண்டும். நானே மாற்றிவிடுவது என்று முடிவெடுத்து, கைப்பேசியில் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை பெட்டியை வெளியே இழுத்தபோது அவருக்கு ஆத்திரம். "அது ஒன்னால முடியாதுலா. வெளையாட்டா இது?" என்றார். காரைத் தூக்கும் ஜேக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

டயரைக் கழற்றியதுவரை சுலபம். அப்சார்பரைப் பிடித்திருந்த கீழ் போல்ட் இரண்டும் துரு ஏறி அசையவே மறுத்தன. பக்கத்து வீட்டு மலாய் அக்கா எட்டிப் பார்த்தவர், ஒன்றும் கேட்காமல் ஓர் இரும்புக் குழாயைக் கொண்டுவந்தார். ஸ்பேனரின் பிடியில் அதைச் செருகி இருவரும் தொங்காத குறையாக இழுத்தோம். படக்கென்று ஒரு போல்ட் இளகியது. அடுத்ததைப் பார்க்க நான் கையை உள்ளே விட்ட நேரம், ஜன்னலிலிருந்து என் கணவரின் அலறல்.

"கைய எடு! கழட்டுன டயர காடிக்குக் கீழ தள்ளு! மொதல்ல தள்ளு!"

அந்தக் குரலுக்கே உடம்பு கேட்டது. டயரைப் படுக்கப்போட்டுக் காருக்கடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்தேன். எங்கள் வாசல் தெருப்பக்கம் சரிவு. ஜேக் மெல்லச் சாய்வதை அவர் பார்த்திருக்கிறார். அது சரிந்து, கார் 'தொம்'மென்று அந்த டயரின் மேல் உட்கார்ந்தது. என் கை இருந்த இடத்தில் விரல் நுழையக்கூட இடமில்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். திரும்பினால், வாசற்படியில் வாக்கரோடு என் கணவர். யாரும் பிடிக்காமல் அவ்வளவு தூரம் அவர் வந்ததே இல்லை. முகம் வெளுத்திருந்தது.

"போதும். உள்ள வா."

எழுந்துவிட்டால் மறுபடி அந்தக் காரைத் தொடவே மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"விழுந்தது காடிதானே, நான் இல்லையே. அடுத்து என்ன செய்யணும், சொல்லுங்க."

இன்னும் ஓர் எட்டு வைத்து, சரிந்து கிடந்த ஜேக்கைப் பார்த்தார். பிறகு, "ஒரு நாற்காலி போடு. பின் டயருக்கு ரெண்டு கல்லு அண்டக் குடு. அக்கா வீட்டு ஜேக்கையும் கேளு" என்றார்.

அதன்பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். நடுநடுவே சண்டையும் போட்டோம். ஒரு பக்கம் முடியவே மாலையாகிவிட்டது. மறுபக்கத்தை ஞாயிற்றுக்கிழமை முடித்தோம். அது பாதி நேரம்கூட எடுக்கவில்லை. கடைசியில் எல்லா நட்டையும் இன்னொருமுறை இறுக்கச் சொன்னார். ஒன்று லூசாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை முதல் குழி வந்தது. பழக்கதோஷத்தில் அவர் கை பிடியைப் பற்றியது. கார் ஒருமுறை அமுங்கி, எழுந்து, அடங்கியது. அவர் என்னைப் பார்த்தார். "என்ன இப்படி ஊர்ற? கொஞ்சம் வேகமாப் போலாம்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

விடுமுறை முடிந்ததும் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்க, ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் ஒரு பட்டறைக்குப் போனோம். யார் மாற்றியது என்று அங்கே கேட்டார்கள். "என் வீட்டுக்காரம்மா" என்று அவர் சொன்னவிதம் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது அவர் வாக்கர் இல்லாமல் நடக்கிறார். அது பயிற்சியும் அவர் பட்ட பாடும் தந்தது, அப்சார்பர் தந்ததல்ல. ஆனாலும், கார் விழுந்த அந்த நிமிடத்தில் நான் பயந்து வீட்டுக்குள் போயிருந்தால், நாங்கள் இருவருமே இன்னும் உள்ளேதான் இருந்திருப்போம் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.