பதினான்கு கவ்வாத்துக் கத்திகள்

பொலிஸ் சேவையில் இருபத்தெட்டு வருஷம் இருந்தேன். இளைய உத்தியோகத்தர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் வெற்றி பெற்ற வழக்குகளைத்தான். இந்த வழக்கிலும் வெற்றி பெற்றோம். ஆனாலும் இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அதில் பாதி என் மேலேயே.

அறுபதுகளின் நடுப்பகுதி. ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் தலைமைக் கங்காணி கழுத்து அறுபட்டுச் செத்துக் கிடந்தார். கிளைகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டிய மலையில், குச்சி குச்சியாக நின்ற தேயிலைச் செடிகளுக்கு நடுவே உடல் கிடந்தது. காலை ஏழு மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தோம். கங்காணியின் தங்கை புருஷன் மார்பில் அடித்துக்கொண்டு அழுதபடியே ஒரு பெயரைச் சொன்னான்.

"பெருமாள்தாங்க! நேத்து அவன் பொஞ்சாதி பறிச்ச கொழுந்த மச்சான் கீழ கொட்டிட்டாரு. 'ஒன்ன வெட்டாம விடமாட்டேன்'னு எல்லாரு முன்னாலயும் கத்துனானுங்க!"

பெருமாள் குடியிருந்த லயக் காம்பராவில் அவனுடைய கவ்வாத்துக் கத்தி இருந்தது. அலகு முழுக்கக் கருஞ்சிவப்பாகக் காய்ந்த கறை. எங்கள் இன்ஸ்பெக்டர் கரையோர ஊர்க்காரர். தேயிலைத் தோட்டத்தைக் காரில் போகும்போது பார்த்ததோடு சரி. ஆனால் கொழும்பில் ஏதோ பயிற்சி முடித்து, மருந்துக் குப்பிகள் வைத்த சின்னப் பெட்டி ஒன்றோடு வந்திருந்தார். ஈரப் பஞ்சால் கறையைத் துடைத்து, அதில் பென்சிடின் கரைசலைச் சொட்டினார். பஞ்சு நீலமானது.

"பார்த்தீரா சார்ஜன்ட், இரத்தம்!" என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். "எழுதும்."

நான் எழுதினேன். 'கத்தியில் இரத்தக் கறை காணப்பட்டது.' நான் மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்தவன். தோட்டத்துச் சனங்களோடு தினமும் பழகுகிறவன். கவ்வாத்துக் கத்தியை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். இருந்தும் எழுதினேன். நீலத்தைப் பார்த்ததும் மூளை வேலை செய்ய மறந்துவிட்டது.

பெருமாள் ரிமாண்டுக்குப் போனான். கொலைக் குற்றம் நிரூபணமானால் தூக்கு. அவன் மனைவி மாரியாயி ஸ்டேஷனுக்கு நடந்தே வந்தாள். இன்ஸ்பெக்டர் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார். நான்தான் போய்ப் பேசினேன்.

"ஐயா, கவ்வாத்து வெட்டுனா தேயிலச் சாறு கத்தியில ஒட்டிக் காஞ்சி போவுமுங்க. எல்லா ஆம்பளைங்க கத்தியும் அப்புடித்தாங்க இருக்கும். போயி எடுத்துப் பாருங்க."

"மருந்து போட்டுப் பாத்தாச்சு புள்ள. அது பொய் சொல்லாது."

"அந்த மருந்த மத்தவங்க கத்தியிலயும் போட்டுப் பாத்தீங்களா?"

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், நாங்கள் இத்தனை பேர் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்டாள்! இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். "கூலிப் பெண் உமக்குப் பாடம் நடத்துகிறாளா?" என்று எரிந்து விழுந்தார். நான் விடவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இதையே கோர்ட்டில் கேட்டால் மானம் போகும் என்று பயம் காட்டினேன். நியாயத்துக்கு அசையாத மனுஷன் அதற்கு அசைந்தார்.

பெருமாளோடு வெட்டிய கோஷ்டியில் மற்றவர்கள் பதின்மூன்று பேர். எல்லோருடைய கத்திகளையும் பெயர்ச்சீட்டுக் கட்டி, காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் மஸ்டர் களத்தில் சாக்கின் மேல் வரிசையாக வைத்தோம். பெருமாளின் கத்தியோடு பதினான்கு. இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகத் துடைத்துச் சொட்டினார். நீலம். அடுத்ததும் நீலம். அதற்கடுத்ததும் நீலம்.

"என்ன ஐயா, நாங்க எல்லாருஞ் சேந்தா கங்காணிய வெட்டுனோம்?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்து போயிற்று.

ஒரே ஒரு கத்தியில் மட்டும் நீலம் வரவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. "அது சுத்தமான கத்தி" என்று இன்ஸ்பெக்டர் அதை ஒதுக்கப் போனார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கவ்வாத்து நடக்கிற மாதத்தில் யார் கத்தியைப் பாத்திரம் போலத் துலக்குவார்கள்? தினமும் கல்லில் விளிம்பைத் தீட்டுவார்கள். அலகைத் துலக்க யாருக்கு நேரம்? பெயர்ச்சீட்டைப் பார்த்தேன். கங்காணியின் தங்கை புருஷன். நாங்கள் கறையைத் தேடுகிறோம் என்று தெரிந்து, கறையே இல்லாமல் கொண்டுவந்திருக்கிறான்.

மரப் பிடியைத் தட்டிக் கழற்றினோம். அலகின் வால் உள்ளே நுழையும் துளையில் கறுப்பாக ஏதோ உறைந்திருந்தது. அந்தக் கத்தியையும் பெருமாளின் கத்தியையும் முத்திரை வைத்து, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொழும்புக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த அரசாங்கப் பகுப்பாய்வாளர் இன்ஸ்பெக்டரின் மருந்துப் பெட்டிக் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"செடிச் சாறும் நீலமாக்கும். கொதிக்க வைத்துவிட்டுச் சோதித்தால் சாறு நீலம் காட்டாது, இரத்தம் காட்டும். அதற்குப் பிறகும் மனித இரத்தமா என்று தனியாகப் பார்க்கவேண்டும். முதல் சோதனை சந்தேகப்படத்தான், ஆளைப் பிடிக்க அல்ல."

அவருடைய அறிக்கை வந்தது. பெருமாளின் கத்தியில் வெறும் தாவரச் சாறு. மற்றக் கத்தியின் பிடிக்குள் மனித இரத்தம். பிடித்து விசாரித்ததும் தங்கை புருஷன் உடைந்து போனான். கங்காணி வேலை தனக்கு வரவேண்டும் என்பதற்காகச் செய்திருக்கிறான்.

இன்ஸ்பெக்டருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது, விஞ்ஞான முறையில் துப்புத் துலக்கியதற்காக! மாரியாயியின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. பெருமாள் மூன்று மாதம் உள்ளே கிடந்து எலும்பும் தோலுமாக வெளியே வந்தான். அதற்குள் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து அவன் பெயரை வெட்டி, காம்பராவையும் பறித்திருந்தார்கள். நீதிமன்ற வாசலில் என்னிடம் வந்தான்.

"ஐயா, நான் கொல்லலன்னு ஒரு காயிதம் எழுதித் தருவீங்களா? தொரைகிட்ட காட்டணும்."

உள்ளே அலுவலகத்தில் போய்க் கேட்டேன். விடுதலையான உத்தரவு வழக்குக் காகிதக் கோவையில் இருக்கிறது, குற்றமற்றவன் என்று எழுதித் தர எங்களிடம் படிவம் கிடையாது என்றார்கள். ஆளைப் பிடிக்க எத்தனை படிவம் இருந்தது! வெளியே வந்து, வெள்ளைத் தாள் ஒன்றில், கொலையில் பெருமாளுக்குச் சம்பந்தமில்லை என்று எழுதி, என் பொலிஸ் இலக்கத்தைப் போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். அந்தத் தாளைப் பார்த்துத்தான் தோட்டத்துத் துரை மறுபடி அவனை வேலைக்குப் பேர் பதிந்தார்.

அதிகாரம் இல்லாமல் சான்று வழங்கியது ஏன் என்று மேலிடம் என்னிடம் விளக்கம் கேட்டது. ஒரே வரியில் பதில் எழுதினேன்.

'இரத்தம் என்று எழுதியபோது எனக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.'