படித்து ஒப்புக்கொள்கிறேன்

செங்கல்பட்டுக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தபோது நடந்தது இது. வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை.

விபத்து அறிக்கைகளைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். அதைச் செயலிக்கு மாற்றியது நான்தான். யாருக்காவது அடிபட்டாலும், மெஷினில் கோளாறு தெரிந்தாலும், சூப்பர்வைசர் தன் டேப்லெட்டில் ஏற்றுவார். என் போனுக்கு வரும். படித்துவிட்டு, 'படித்து ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை நான் அழுத்த வேண்டும். அடிபட்டவர் திரையில் விரலால் கையெழுத்துப் போட வேண்டும். இனிமேல் எந்தக் காகிதமும் தொலையாது என்று மீட்டிங்கில் பெருமையாகப் பேசினேன்.

தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மெஷினில் ஓர் அக்கா வேலை பார்த்தார். வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஒரு திங்கட்கிழமை காலை அவருடைய வலது ஆள்காட்டி விரலின் நுனி மெஷினில் போய்விட்டது.

மறுநாள் டேப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உடனே கையெழுத்து ஏறாவிட்டால் தலைமை அலுவலகத்துத் திரையில் எங்கள் ஆலை சிவப்பாகிவிடும். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. தொழிலாளி கவனக்குறைவாக மெஷினுக்குள் கை வைத்தார் என்று சூப்பர்வைசர் எழுதியிருந்தார். நான் அதில் எழுத்துப்பிழைதான் திருத்தினேன்.

"இன்னா மேடம் எழுதிகீது?" என்று கேட்டார் அக்கா.

"அடிபட்ட விவரம்தான்க்கா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

வலது கை முழுக்கக் கட்டு. இடது கை விரலால் கோணலாக ஒரு கோடு இழுத்துவிட்டு, "போதுமா மேடம்?" என்றார். போதும் என்றேன். பச்சை நிறத்தில் டிக் விழுந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த அறிக்கையை வைத்து அவருக்கு எச்சரிக்கை மெமோ போனது. இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். அந்த வாரமே, காலை ஷிப்டு தொடங்கும் முன் எல்லோரையும் நிற்கவைத்து நான் அந்த விபத்தைப் பாடமாகச் சொன்னேன். பேர் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா? அவர் இரண்டாவது வரிசையில் நின்றிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நான் முன்னாடியே சொன்னனே மேடம். கைய உள்ள வுட்டா மெஷின நிறுத்தற சென்சாரு ஒருதபா நிறுத்துது, ஒருதபா நிறுத்தலன்னு. சூப்பர்வைசரு என் எதிர்லதான் டேப்ல ஏத்துனாரு. நீங்க பாக்கல?"

"பாக்குறேன்க்கா" என்றேன்.

தேடியதும் கிடைத்தது. விபத்துக்கு மூன்று வாரம் முன்பு அவர் சொன்னது அப்படியே பதிவாகியிருந்தது. கீழே என் பெயர். படித்து ஒப்புக்கொண்டதாக. நேரம், மாலை ஐந்து ஐம்பத்திரண்டு. கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற நேரம். அதே நிமிஷத்தில் பதினான்கு அறிக்கைகளை நான் ஒப்புக்கொண்டிருந்தேன். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் முடிக்கிற வசதி செயலியில் இருந்தது. அதை வைக்கச் சொன்னதும் நான்தான்.

முதலில் எனக்கு அவருடைய விரல் ஞாபகம் வரவில்லை. இதை வேறு யாராவது பார்த்திருப்பார்களா என்றுதான் தோன்றியது. பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. அவர் எதிரே வராதபடி கேன்டீனுக்குச் சுற்றுவழியில் போனேன்.

பன்னிரண்டாம் நாள் பாதுகாப்பு வாரத்துக்கான போஸ்டர் ஒப்புதலுக்கு வந்தது. கட்டுப்போட்ட அவருடைய கை. மேலே 'கவனக்குறைவு' என்று பெரிய எழுத்து. என்னால் அழுத்த முடியவில்லை. எழுந்து மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மூடின ரிப்போர்ட்ட எதுக்கும்மா கிளர்றீங்க? உங்க பேருதான் கெடும்" என்றார்.

கெடட்டும் சார் என்று சொன்னேன் என எழுத ஆசைதான். தலையைக் குனிந்தபடி, "திருத்தணும் சார்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் சரி என்றார்.

இந்த முறை அறிக்கையை, சென்சார் புகாரையும் சேர்த்து, தமிழில் எழுதி, டேப்போடு அக்காவின் வீட்டுக்கே போனேன். அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். வாசித்துக் காட்டினேன். என் பெயர் வரும் வரியையும் விடவில்லை. முழுசும் கேட்டுவிட்டு, "என் மவ காலேஜிலேர்ந்து வந்துரட்டும். அவ படிச்சி சொன்னா போட்றேன் மேடம்" என்றார்.

அப்போது மணி மூன்று. மதுராந்தகத்திலிருந்து பஸ் பிடித்து மகள் வரும்போது ஐந்தைத் தாண்டிவிட்டது. அதுவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் பையைக்கூட இறக்காமல் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எங்கம்மா சொன்னத நீங்க படிச்சீங்களா, இல்லியா?"

"படிக்கலம்மா. படிச்சதா அமுக்கிட்டேன்."

டேப்பை அம்மாவிடம் நீட்டினாள். நடுவிரலால், மெதுவாக, தன் பெயரை முழுசாக எழுதினார் அக்கா.

அவருடைய மெமோ ரத்தானது. எனக்கு ஒன்று வந்தது. போஸ்டர் அச்சாகவில்லை. அவரைப் பொருட்களைச் சரிபார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். என்னைப் பார்த்தால் தலையசைப்பார். 'பரவால்ல மேடம்' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று ரொம்ப நாள் காத்திருந்தேன். சொல்லவில்லை. அப்படிக் காத்திருந்ததை நினைத்தாலும் இப்போது கூசுகிறது.