கம்பியை இறக்கிய ஆடி மாதம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த பட்டறையில் பவர் பிரஸ் என் இடது கை மோதிர விரலின் நுனியை நசுக்கியது. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். புண் ஆறியது, நகம்கூட முளைத்தது, உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. ஊசியால் குத்தினாலும் யாருடைய விரலோ என்று சும்மா கிடந்தது. மிஷினுக்கு அது ஒரு பொருட்டில்லை, மறுபடி போய் நின்றுவிட்டேன். ஆனால் திருவிழாக் காலங்களில் நான் ஒரு மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிடார் வாசிப்பவன். கம்பியை அழுத்துவது அந்தக் கைதான்.

என் கிடாரில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் அசையக்கூடியது. அதிலிருக்கும் கைப்பிடியை அழுத்தினால் ஸ்வரம் நெளியும். முன்னால் ஆறு கம்பிகள் இழுக்க, முதுகுக்குள் ஸ்பிரிங்குகள் பதிலுக்கு இழுக்க, நடுவில் பிரிட்ஜ் அந்தரத்தில் நிற்கும். கம்பிகள் கிடாரின் கழுத்தை விட்டு உயரமாக இருந்தன. மரத்த விரல் எவ்வளவு அழுத்துகிறது என்று எனக்கே தெரியாது. குறைந்தால் ஊமை, கூடினால் சுருதி ஏறிவிடும். கம்பியை நன்றாக இறக்கிவிட்டால் தொட்டாலே போதும், தப்பு செய்ய இடமே இருக்காது என்று கணக்குப் போட்டேன். கரையான்சாவடியில் அம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு எங்கள் கச்சேரி. அதற்குள் விரல் வழிக்கு வராவிட்டால் குழுவில் எனக்கு இடமில்லை.

ஒவ்வொரு கம்பிக்கும் அடியில் ஒரு சின்ன இருக்கை, அதில் கடுகளவு இரண்டு திருகுகள். பட்டறையில் திருகு முடுக்க வைத்திருந்த ஆலன் கீ எதுவும் அதில் நுழையவில்லை, ஒன்றைத் தேய்த்துச் சிறிதாக்கி எடுத்துக்கொண்டேன். முதல் கம்பியை இறக்கிச் சுருதி சேர்த்து, ஆறாவதுக்குப் போய்த் திரும்பினால் முதலாவது மாறியிருக்கும். ஒன்று தளர்ந்தால் ஸ்பிரிங் பிரிட்ஜைப் பின்னால் சாய்க்கும், மற்றதெல்லாம் சுருதி ஏறிக்கொள்ளும். வேலை விட்டு வந்ததும் தினமும் இதேதான். திருகு, சுருதி பார், திருகு. எனக்குச் சலிப்புக்கூட வரவில்லை. சாதாரணமாக நான் சிடுமூஞ்சி. அந்த மாதம் யார் மேலும் எரிந்து விழவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஒத்திகையில் வாசித்தபோது, பூந்தமல்லியில் சைக்கிள் கடை வைத்திருந்த எங்கள் குழுத் தலைவன் பாட்டை நிறுத்தினான்.

"இன்னா மச்சான், உள்ள வண்டு கிண்டு பூந்துகிச்சா? கிர்ர்னு கீது."

கம்பி ரொம்பத் தாழ்ந்து, கிடாரின் கழுத்தில் பதித்த உலோகப் பட்டைகளில் உரசியது. கொஞ்சம் ஏற்றினால் விரல் கோட்டை விட்டது, இறக்கினால் வண்டு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நடுவில் ஓர் இடம் இருக்கும் என்று தேடிக்கொண்டே இருந்தேன். அது கிடைக்கவில்லை.

கச்சேரியன்று மேடைக்குப் பின்னால் தலைவன் என் தோளில் கை போட்டான்.

"கோச்சிக்காத மச்சான். கிடார் சவுண்டு கீபோர்டுலயே கீது, அத்த வச்சி ஓட்டிக்கலாம். நீ மாட்டிகினு நில்லு. மேடைல கிடாரு இல்லன்னா நல்லாவா கீது? வயரு மட்டும் சொருவாத."

சரி என்றேன். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வயர் இல்லாத கிடாரை மாட்டிக்கொண்டு சாயங்காலம் முழுக்கக் கையை ஆட்டினேன், கைப்பிடியைக்கூட அழுத்திக் காட்டினேன். நோகாமல் நோன்பு கும்பிட்டாயிற்று. ஜனம் விசிலடித்தது.

கச்சேரி முடிந்ததும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மன் கண்ணத் தொறந்துட்டா நைனா. இன்னிக்கு உன் கிடாரு தனியா, மணியாட்டம் கேட்டுச்சி. வெரலு சரியாப் பூட்ச்சில்ல?"

பக்கத்தில் நின்ற தலைவன் ஸ்பீக்கர் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் தலையாட்டினேன்.

விரல் குணமானால் வெள்ளித் தகட்டில் கை செய்து போடுவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தது அப்போது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை என்னையும் அதே கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடையில் வாங்கிய கை வடிவத் தகட்டை உண்டியலில் போடுவதற்கு முன்னால், அதை என் விரல் நுனியில் வைத்து அழுத்தினாள்.

"ஜில்லுனு கீதா?"

"கீதும்மா" என்றேன்.

அவள் கண்ணை மூடிக் கும்பிட்டு, தகட்டை உண்டியலில் போட்டாள்.