என் தம்பியின் கடைப்பக்கம்

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். என் தம்பிக்கு வாய் இருக்கிறது. அதைத் திறந்தால் விஷயம் மட்டும் வெளியே வராது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூட மனிதனுக்கும் தாகத்துக்கும் உள்ள உறவிலிருந்து ஆரம்பிப்பான். அதனால் அவனுக்கு 'முன்னுரை' என்று நான்தான் பெயர் வைத்தேன். வீட்டில் எல்லோர் வாயிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

முன்னுரை ஒரு வங்கிக்குக் கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்தவன். நான்கு வருடங்களுக்கு முன் அந்த வேலையை விட்டுவிட்டு, தனி ஆளாக ஒரு வீடியோ கேம் செய்யப்போகிறேன் என்று படுக்கையறை மூலையில் மேசை போட்டு உட்கார்ந்தான். அவன் மனைவி பல் மருத்துவமனையில் உதவியாளர். நாளெல்லாம் டாக்டர் கேட்கும் கருவியை டாக்டர் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுக்கும் பெண். அப்படிப்பட்டவளுக்கு இப்படிப்பட்ட புருஷன். சம்பளம் அவளுடையது, கனவு அவனுடையது என்று குடும்பம் ஓடியது.

இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. கேம் விற்றால் இந்த வேலை. விற்காவிட்டால் பழையபடி வங்கி. பழைய மேனேஜர் நல்ல மனிதர். இவன் நாற்காலியை, கேம் வெளிவருகிற மாதத்தின் கடைசிவரை யாருக்கும் தரமாட்டேன் என்று சொல்லியிருந்தார். அந்த நல்ல செய்தியைக் கேட்ட நாளிலிருந்து இவனுக்குச் சரியாகத் தூக்கமில்லை. அங்கே திரும்பிப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னிடம் ஒருமுறை சொன்னான். அவன் முன்னுரை இல்லாமல் சொன்ன ஒரே வாக்கியம் அது என்பதால் நான் நம்பினேன்.

அது என்ன கேம் என்று கேட்டால், மறதிக்கும் உடைமைக்கும் நடுவே உள்ள வெளியைப் பற்றியது என்பான். பிறகு நானே விளையாடித் தெரிந்துகொண்டேன். ஒரு பேருந்து நிலையம். அதில் தொலைந்த பொருட்களை வைக்கும் அறை. நாம்தான் அங்கே குமாஸ்தா. ஒரு பை வரும். திறந்தால் ஒற்றைச் செருப்பு, பாதி பின்னிய ஸ்வெட்டர், மூக்குக் கண்ணாடி. அதையெல்லாம் வைத்து அது யாருடையது என்று கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும். பொருளை வாங்கிக்கொண்டு போகிறவர்களின் முகத்தை இவன் வரைந்திருந்த விதத்தில் நான் அடுத்த பையையும் திறந்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை. அவனைப் பாராட்டும் பழக்கம் எனக்கு இல்லை.

இதையெல்லாம் விற்பது இணையக் கடையில். அங்கே ஒவ்வொரு கேமுக்கும் ஒரு சின்னப் படம், அதன் கீழே நாலு வரி. வாங்க வருகிறவர்கள் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவார்கள். அந்தப் படத்தைப் பார்த்து விரல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நான்கு வருட உழைப்பும் கோவிந்தா.

படத்துக்கு இவன் பிடித்தது மாடி வீட்டு ஓவியரை. மாத்திரை அட்டை, பிஸ்கட் பாக்கெட் எல்லாம் வரைகிற அம்மாள். அவர் கேமை விளையாடிவிட்டு, ஈரம் சொட்டும் ஒரு சிவப்புக் குடையை மரப்பலகை மேல் தனியாக வரைந்து கொண்டுவந்தார். பார்த்தவுடன் எனக்கே அந்தக் குடையை யாரிடமாவது சேர்க்க வேண்டும் போலிருந்தது. இவன் ஒப்புக்கொள்ளவில்லை. வெறும் குடைதானா, என் உலகம் எங்கே என்றான். கேமில் உள்ள அத்தனை பொருளும் படத்தில் வேண்டும், பேருந்து நிலையம் வேண்டும், மழை வேண்டும், பின்னால் ஒரு நிலா வேண்டும் என்றான். மேலே கொடிபோல் வளைந்த எழுத்தில் கேமின் பெயர்: 'நினைவின் விளிம்பில் நின்றுகொண்டிருப்பவை'.

ஓவியர் கேட்டதை வரைந்தார். சுவர் அகலத்துக்கு இருந்த தன் திரையில் அதைப் பார்த்து இவன் உருகினான். ஓவியர் தன் கைப்பேசியில் அதே படத்தைக் கடையில் தெரியும் அளவுக்குச் சுருக்கி, கையை நீட்டிக் காட்டினார். கொசு அடித்த சுவர் மாதிரி இருந்தது. பார்க்கிறவர்கள் பெரிதாக்கிப் பார்ப்பார்கள் என்றான் இவன்.

படம் இப்படியென்றால் அதன் கீழே எழுதிய விவரம் அதைவிட மோசம். முதல் வரி, 'மனிதன் எதைத் தொலைக்கிறானோ அதுவாகவே ஆகிறான்' என்று ஆரம்பித்தது. இரண்டாவது பத்தியில் தன் போராட்டம், மூன்றாவதில் நன்றி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பார்கள். இவன் மறைத்தே காட்டினான். அந்தக் கேமில் என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை.

கேம் வெளியான வாரத்தில் வாங்கியவர்கள் நான், என் கணவர், அப்புறம் தவறிப்போய் யாரோ ஒருவர்.

அப்போதுதான் என் கணவர் களத்தில் இறங்கினார். அவர் தரை ஓடு விற்பவர். ஓடு விற்றவனுக்கு எதையும் விற்கத் தெரியும் என்பது அவர் கொள்கை. மாதக் கடைசியை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்த தம்பி, அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினான். புதுப் படம் வந்தது. எரிகிற பேருந்து, கையில் துப்பாக்கியோடு ஒரு பெண். கேமில் துப்பாக்கி கிடையாது. பெண் உண்டு, ஸ்வெட்டர் பின்னுபவள்.

கூட்டம் வந்தது, சும்மா சொல்லக்கூடாது. வந்த வேகத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டது. என் தம்பியின் தாய் தந்தையரைப் பற்றிக் கருத்துப் பகுதியில் எழுதினார்கள். அவர்கள் எனக்கும் தாய் தந்தையர் என்பதால் கொதித்துப்போனேன். என் கணவர், சரக்கில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டு நழுவிக்கொண்டார். தம்பி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான்.

அந்த வசவுகளுக்கு நடுவே ஒருவர் எழுதியிருந்ததை அவன் மனைவிதான் கவனித்தாள். மருத்துவமனையிலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல், எனக்கும் ஓவியருக்கும் அதைப் படித்துக் காட்டினாள்.

"துப்பாக்கியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பஸ் ஸ்டாண்ட்ல தொலைஞ்ச பொருள் யாரோடதுன்னு கண்டுபிடிச்சு திருப்பிக் குடுக்கணும். ஒரு சிவப்புக் குடைக்காக ஞாயித்துக்கிழமை பூரா போச்சு. இன்னும் ஆள் கிடைக்கல. ஏமாத்துக்காரப் பயலுங்க."

ஓவியர் சிரித்துவிட்டார். இவள் சிரிக்கவில்லை. படுத்திருந்தவனைப் பார்த்துச் சொன்னாள்: "நாலு வருஷமா நீங்க எழுத முடியாததை இந்த ஆள் கோபத்துல எழுதிட்டாரு. கடைசி வரியை மட்டும் வெட்டிட்டு மேல போடுங்க."

அவன் ஒரு முன்னுரையை ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

அந்த மனிதரிடம் மன்னிப்பும் அனுமதியும் கேட்டு எழுதினான். போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் எனக்குத் துப்பு எதுவும் தரவேண்டாம் என்று பதில் வந்தது. துப்பாக்கிக்காரி போனாள், ஓவியரின் தனிக் குடை வந்தது. பெயரும் மாறியது, கொட்டை எழுத்தில்: 'குடை யாருடையது?' இதில் ஒவ்வொன்றுக்கும் அவன் பல் பிடுங்குகிற மாதிரி முகம் வைத்துக்கொண்டான். அவன் மனைவிக்கு அது பழக்கப்பட்ட முகம்தானே, அசையவில்லை.

பிறகு ஒன்றும் பிரமாதமாக நடந்துவிடவில்லை. பழைய கூட்டத்தில் கால்வாசிகூட வரவில்லை. ஆனால் வந்தவர்கள் வாங்கினார்கள், வாங்கியவர்கள் திருப்பிக் கேட்கவில்லை, கேட்காமல் நண்பர்களிடம் சொன்னார்கள். மாதக் கடைசியில் பார்த்தால் வீட்டு வாடகை தேறியது. இன்னொரு வருடம் பார்க்கலாம் என்று அவள் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவன் அழுதுவிட்டான். எனக்கும் தாங்கவில்லை, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மேனேஜருக்கு அவன் ஸ்பீக்கரில் போட்டுப் போன் செய்தது அங்கே கேட்டது. வரவில்லை சார் என்று சொல்லிவிட்டான். அவர் வருத்தப்பட்டார், வாழ்த்தினார், போனை வைக்கிற நேரத்தில் அந்த கேமில் அப்படி என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டார். போச்சு, மனிதர் மறதியில் தொடங்கி உடைமைவரை காதில் வாங்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"தொலைஞ்ச பொருளை உரியவங்ககிட்ட சேர்க்கணும் சார்."

"இவ்வளவுதானா?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார். இவ்வளவுதான்."

போனை வைத்துவிட்டு அவன் அடுப்படிக்கு வந்தான். அவர் அப்படிக் கேட்டது வருத்தமா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தான்.

"இவ்வளவுதானான்னு யாரும் கேட்டுடக் கூடாதுன்னுதான்கா நாலு வருஷமா சுத்தி வளைச்சு எழுதினேன்," என்றான். "இப்ப கேட்டுட்டாரு. ஒண்ணும் ஆகல."