தலைவர் இல்லாத ஏரி

போன வாரம் எங்கள் விருத்தாசலம் செராமிக் பேட்டைப் பெண்கள் எல்லோரும் ரோட்டில் உட்கார்ந்தோம். குழாயில் தண்ணீர் வந்து வெகுநாளாகிவிட்டது. தண்ணீர் இல்லாமல் களிமண்ணை எப்படிக் கரைப்பது, அச்சில் எதை ஊற்றுவது, சாயங்காலம் என்ன கூலி வாங்குவது? காலிக் குடங்களை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஜீப்பில் வந்த அதிகாரி இறங்காமலே கேட்டார்.

"யாரும்மா உங்க தலைவரு? அவங்ககிட்டதான் பேசுவேன்."

"எல்லாருந்தான் சார்" என்றாள் பொம்மைக்குச் சாயம் பூசுகிற ஒருத்தி.

மறுநாள் பேப்பரில் எங்களைப் பற்றி 'அராஜகம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. அன்றைக்கும் கடைசி வரிசையில்தான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஆனால் பேப்பரைப் பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. அஞ்சாம் வகுப்போடு நின்ற கைதான். எழுதினால் கோணலாகத்தான் வரும். வரட்டும். அந்தக் கேள்வியையும் அந்தச் சொல்லையும் நான் ஒன்பது வயதிலேயே கேட்டவள்.

கம்மாபுரம் பக்கம் எங்கள் ஊர். ஊருக்கு ஓர் ஏரி. மழை குறைந்த வருஷம் யார் வயலுக்கு முதல் தண்ணீர் என்பதை யாரும் யாருக்கும் உத்தரவு போட்டுச் சொல்வதில்லை. உடைந்த பானைச் சில்லில் ஒவ்வொரு வீடும் தன் அடையாளத்தைக் கரியால் போடும். ஒருவருக்கு ஏர், ஒருவருக்கு மீன், எங்கள் வீட்டுக்கு ஒரு முறம். எல்லாச் சில்லையும் ஒரு பானையில் போட்டுக் குலுக்கி, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எந்தச் சில்லு முதலில் வருகிறதோ அந்த வயலுக்கு முதல் தண்ணீர். நாற்பது காணி நிலம் வைத்திருந்தவருக்கும் ஒரு சில்லு, கணவனை இழந்து கடைமடையில் துண்டு நிலம் வைத்திருந்த என் அம்மாவுக்கும் ஒரு சில்லு. ஏரி வண்டலையும் யார் உத்தரவும் இல்லாமல் வேண்டியவர்கள் வேண்டிய அளவு அள்ளிக்கொள்வார்கள். சில்லு எடுக்கிற வேலை எனக்கு வந்தது. அதிகம் வாய் திறக்காத பிள்ளை, யாருக்கும் பரிந்துகொண்டு பேசாது என்று காரணம் சொன்னார்கள்.

பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டுத் திரும்பிய என் மாமா, அம்மாவுக்குத் தம்பி, முதல் தடவை அந்தக் குலுக்கலைப் பார்த்துவிட்டு ஏரிக்கரையிலேயே சிரித்தார்.

"அடப் பாவிங்களா, இதுக்காவ அங்கெல்லாம் உசுர வுட்டிருக்கானுங்க. நீங்க சில்லப் போட்டுக் குலுக்கிட்டு வூட்டுக்குப் போறீங்களே!"

டீக்கடையில் அவரைச் சீண்டிப் பேசவைப்பது ஊருக்குப் பொழுதுபோக்கு. துறைமுகத்தில் கேட்ட கதைகளை எடுத்துவிடுவார். ருசியாவில் ஓர் இளவரசன் பட்டத்தை உதறிவிட்டு, காட்டு மிருகங்கள்கூட ஒன்றுக்கொன்று உதவித்தான் பிழைக்கின்றன, மனிதனுக்கு மட்டும் எதற்குச் சாட்டை என்று எழுதினானாம். அமெரிக்காவில் எட்டு மணி நேர வேலை போதும் என்று கூட்டம் போட்ட இடத்தில் யாரோ குண்டு வீச, வீசியவன் யார் என்றே தெரியாமல், பேசியவர்களைத் தூக்கில் போட்டார்களாம். ஸ்பெயினில் முதலாளிகள் ஓடிப்போன பிறகு தொழிலாளிகளே டிராம் வண்டியை ஓட்டினார்களாம். ராஜாவே வேண்டாம் என்கிற இந்தக் கட்சியில் குண்டு வீசியவர்களும் உண்டு, அது தப்புதான் என்பதையும் மாமா மறைக்க மாட்டார்.

"அப்ப திருடன யாரு மாப்ள புடிக்கிறது?" என்பார் டீக்கடைக்காரர்.

"இப்ப மட்டும் யாரு புடிக்கிறாங்க?" என்பார் மாமா. "ராசா வேணாம்னாக்க மொற வேணாம்னு அர்த்தமில்ல. மொற இருக்குது, அத நாமளே போட்டுக்குவோம். தல ஒண்ணுன்னு வெச்சிக்க, ஊர வளைச்சிப் புடிக்கிறவனுக்குச் சுளுவு."

வீட்டில் அம்மா விடமாட்டாள். "ஒருத்தருக்கு ஒருத்தர் அதிகாரம் பண்ணக் கூடாதுன்ற. ஒக்காந்த எடத்துல சொம்புத் தண்ணி கேக்குற. நான் யாருடா ஒனக்கு?" மாமா அன்றிலிருந்து தன் தட்டைத் தானே கழுவினார். கழுவுகிற லட்சணத்தைப் பார்த்து அம்மா இரண்டாம் முறை கழுவுவாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அதே வருஷம்தான் சர்க்கார் பழைய மதகை எடுத்துவிட்டு இரும்புக் கதவு வைத்துப் பூட்டும் போட்டது. கதிர் பால் பிடிக்கிற நேரம். கடைமடையில் எங்கள் பயிர் நுனி கருகத் தொடங்கியிருந்தது. அதுதான் எங்களுக்கு அந்த வருஷத்துச் சோறு. சாவியோடு ஓர் அதிகாரி, ஒரு பியூனும் ஒரு போலீஸ்காரரும் கூட வர, ஜீப்பில் வந்தார். ஊரே கரையில் கூடியது.

"ஏரிக்குத் தலைவர் யாரு? அவர்கிட்டதான் சாவி."

"அப்பிடி யாரும் இல்லீங்க."

"தலைவர் இல்லாத ஊரா? நாளைக்கு ஒண்ணுன்னா நான் யாரைக் கேக்கிறது? தலைவரைக் காட்டு, இல்லாட்டி சாவி கிடையாது."

ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவர்களுக்குத் தெரிந்த ஒரே முறையைச் செய்தார்கள். பானை வந்தது, சில்லுகள் விழுந்தன, என்னைக் கூப்பிட்டார்கள். நான் கையை விட்டு எடுத்தேன். முறம்.

எங்கள் வீட்டுச் சில்லு. மீன் சில்லுக்காரர், "சரிதான், அக்கா வாங்கிக்கட்டும்" என்றார். வேறு யாரும் மறுக்கவில்லை. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டினாள்.

அதிகாரி சிரித்தார். பியூனும் சிரித்தான். "வெளையாடுறீங்களா? இந்த ஊர்ல ஆம்பளயே இல்லியா?"

"குடுங்க சாமி. பூட்டத் தொறக்கத்தான? என் கையிலயும் அஞ்சு வெரலு இருக்குது."

சாவி ஜீப்புக்குள் போனது. "நான் அடுத்த மாசம் வரேன்" என்றார் அதிகாரி.

அடுத்த மாதம் வந்தால் அறுக்க வைக்கோல்கூட இருக்காது. மாமா, "யாரும் அசையாதீங்க! இன்னிக்கு ஒருத்தன் கைக்குப் போனா அப்பறம் திரும்பி வராது!" என்று கத்தினார். "யார் இவன்? அராஜகம் பண்றான்" என்றார் அதிகாரி. அந்தச் சொல்லை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஏதோ பெரிய வியாதி என்று நினைத்தேன். போலீஸ்காரர் மாமாவின் தோளைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தார்.

ஒவ்வொருவராகத் தலையைத் தொங்கப்போட்டார்கள். மேல்மடையில் நாற்பது காணி வைத்திருந்தவர் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். அவரைப் பார்த்ததும் அதிகாரிக்கு முகம் மலர்ந்தது. தலைவர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! சாவி கை மாறியது.

பிறகு நடந்ததை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மறுவருஷம் பானை வரவில்லை. முதல் தண்ணீர் எப்போதும் மேல்மடைக்கே என்றானது. எல்லோரும் அள்ளிய ஏரி மண்ணைச் செங்கல் சூளைக்காரனுக்கு அவர் ஒருவரே விட்டுக்கொடுத்தார். கேட்டால், "சர்க்காரு வெச்ச தலைவருய்யா நானு" என்றார். அம்மா அந்தத் துண்டு நிலத்தை விட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு விருத்தாசலத்துக்குக் கூலிக்கு வந்தாள். அடித்துப் பிடுங்கியவர்கள் பெயர் ஒழுங்கு, குலுக்கிப் பங்கிட்டவர்கள் பெயர் அராஜகம்! எந்தப் பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கைச் சொல்லித் தருகிறார்கள்?

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. மதகு திறந்தது. அந்த ஒரு நாள் தண்ணீர் கடைமடை வரைக்கும் வந்தது. நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் தண்ணீருக்கு முன்னால் ஓடினேன். வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. "அம்மா, தண்ணி வந்துருச்சு! மாமா, வந்து பாருங்க!"

கரைமேல் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மடியில் அந்த முறச் சில்லு. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு நல்ல நாளில் இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்களே என்று எனக்கு வந்த கோபத்தில், அன்று ராத்திரி இரண்டு பேரோடும் நான் பேசவே இல்லை.